நீ இல்லாத ‘நாங்கள்’

டெனிஷ் மொழியும் தகாலொக் மொழியும் தெரிந்த தமிழ்ப் பெண் ஒருத்தி மொன்றியலில் இருக்கிறாள் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். ஒன்று டென்மார்க்கின் மொழி, மற்றது பிலிப்பைன்ஸ்காரரின் மொழி. இரண்டுக்கும் நடுவில் பாதி உலகம் கிடக்கிறது. ஜெனாட்டின் கணவன் டனிஸ்ரனே நக்கலடிப்பான். பேருந்துக் கராச்சில் மெக்கானிக் வேலை அவனுக்கு. பேச்சும் எண்ணெய் பிசுக்கோடுதான் வரும்.

“இந்த ரெண்டும் எந்தச் சந்தியில சந்திக்கப் போகுதெண்டு ரெண்டையும் படிச்சு வச்சிருக்கிறாய்? பிரெஞ்சை ஒழுங்காப் படிச்சிருந்தா இப்ப அரசாங்க வேலையில இருந்திருப்பாய்.”

ஜெனாட் எதையும் திட்டமிட்டுப் படித்தவள் அல்ல. மன்னாரில் பேசாலையில் பிறந்து, ஏழு வயதில் தாயோடு விமானம் ஏறி, டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் தகப்பனிடம் போய்ச் சேர்ந்தவள். இருபத்தைந்து வயதில் டனிஸ்ரனைக் கட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்தாள். இரண்டு மொழிகளும் வாழ்க்கை போன வழியில் வந்து ஒட்டிக்கொண்டவைதான். ஆனால் ஒட்டிய விதம் வேறு வேறு. டெனிஷ் பயத்தோடு ஒட்டியது. தகாலொக் சிரிப்போடு ஒட்டியது.

டெனிஷ்காரர் எழுதுவதில் பாதியைத்தான் வாயால் சொல்வார்கள். மோகென்ஸ் என்று பெயரை எழுதிவிட்டு மோன்ஸ் என்று கூப்பிடுவார்கள். மெய்யெழுத்துகள் வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். நாக்கு ‘ட’வைத் தொடப் போய், தொடாமலே திரும்பி வரும். வகுப்பில் ஆசிரியை ஒரு வாக்கியம் சொன்னால், அதில் எங்கே ஒரு சொல் முடிந்து மற்றது தொடங்கியது என்று சிறுமி ஜெனாட்டுக்குப் பிடிபடாது. பனிமூடிய குளத்தின்மேல் நடப்பதுபோல, எந்த அடியில் வெடிக்குமோ என்று பயந்து பயந்துதான் அந்த மொழிக்குள் நடந்தாள். ஆனாலும் வீட்டில் மற்றவர்களைவிட அவள்தான் வேகமாக நடந்தாள். அதனால் பத்து வயதிலேயே தாய்க்கு மொழிபெயர்ப்பாளர் ஆனாள்.

தாயின் மார்பில் ஒரு கட்டி வந்தபோது, மருத்துவரின் அறைக்குள் துணைக்குப் போனவளும் அவள்தான். டெனிஷில் கெடுதல் இல்லாத கட்டிக்குக் ‘கோ-ஆர்டெட்’ என்று ஒரு சொல். புற்றுக் கட்டிக்கு ‘ஒன்-ஆர்டெட்’ என்று ஒரு சொல். வால் இரண்டுக்கும் ஒன்றே. தலைதான் வேறு. மருத்துவர் தாடிக்குள்ளிருந்து சொன்ன சொல்லின் தலை சிறுமியின் காதில் சரியாக விழவில்லை. திரும்பக் கேட்க வெட்கம்.

“சொல்லு பிள்ளை, என்னவாம்?” என்றாள் தாய்.

“கூடாத கட்டியாம், அம்மா.”

அதற்குப் பிறகு வந்த நாட்களை ஜெனாட் இன்றைக்கும் நினைக்க விரும்புவதில்லை. தாய் பேசாமல் சமைத்தாள். பிள்ளைகளின் உடுப்புகளை எடுத்து மடித்து மடித்து வைத்தாள். இரவில் செபமாலை உருட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அடுத்த முறை போனபோது ஒரு தாதி, படம் கீறிக் காட்டி, அது கெடுதல் இல்லாத கட்டி என்று விளக்கினாள். தாய் அந்த இடத்திலேயே அழுது, சிரித்து, மகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். ஒரு சொல் ஏசவில்லை. ஓர் அடியாவது போட்டிருந்தால் பயம் அன்றோடு போயிருக்கும் என்று ஜெனாட் பின்னாளில் நினைத்ததுண்டு. அந்த முத்தம்தான் பயத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது.

தகாலொக் வந்த கதை வேறு. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர். எதிர்வீட்டுத் தெஸ் தன் வீட்டிலேயே ஒரு சின்னக் கார்தெறி, குழந்தைக் காப்பகம், நடத்தினாள். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். கைக்கு உதவியாகப் போன ஜெனாட் பன்னிரண்டு வருடம் அங்கேயே நின்றுவிட்டாள். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டியபடி, மூக்குத் துடைத்தபடி, அந்த மொழி காதுக்குள் போனது.

அது எழுத்தெழுத்தாகக் கேட்கிற மொழி. எதையும் விழுங்காது. தமிழில் எந்தச் சொல்லுக்கும் முதலில் வராமல் அரிச்சுவடியில் சும்மா குந்தியிருக்கிற ‘ங’ அங்கே சொல்லின் தலையில் வந்து உட்காரும், பல்லுக்கு ‘ஙிபின்’. டெனிஷில் பள்ளிக்கூட அதிபரையும் நாய்க்குட்டியையும் ‘டூ’ என்ற ஒரே சொல்லால் கூப்பிடலாம். தகாலொக்கிலோ பெரியவரோடு பேசினால் வாக்கியத்துக்குள் ஒரு ‘போ’ வைக்க வேண்டும், தமிழின் ‘ங்கோ’ போல. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும்போது ‘ராவ்’ என்று ஒரு வால் சேர்ப்பார்கள். ‘சரி’க்கும் ‘சரியாம்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. அதை முதன்முதலாக விளங்கிக்கொண்ட அன்று ஜெனாட் தெஸ்ஸின் குசினியில் நின்று கைதட்டிச் சிரித்தாள். டெனிஷில் இல்லாத தன் வீட்டு ‘ஆம்’, இங்கே வேறு பெயரில் இருந்தது.

அந்த மொழியில் அவளுக்குப் பயமே இருக்கவில்லை. பிழை வந்ததும் அங்கேதான்.

கார்தெறியில் வேலை குறைந்த பிறகு அவள் ஒரு மொழிபெயர்ப்பு முகவர் நிலையத்தில் சேர்ந்தாள். தகாலொக்குக்குத் தினமும் அழைப்பு வரும்: மருத்துவமனை, பள்ளிக்கூடம், வாடகைப் பிணக்கு. டெனிஷுக்கு எப்போதாவது ஒன்று. இரண்டும் ஒரே வேலையில் வந்தது ஒரேயொரு முறைதான். அது போன வருடத்து ஒக்ரோபரில்.

தானியம் ஏற்றுவதற்காக ‘மாரென்’ என்ற டெனிஷ் சரக்குக் கப்பல் மொன்றியலின் ஆற்றுத் துறைமுகத்துக்கு வந்திருந்தது. அதிகாரிகள் டெனிஷ்காரர், மாலுமிகள் பிலிப்பைன்ஸ்காரர். அதற்கு முந்திய பயணத்தில், மரத்தூளை அழுத்திச் செய்த விறகுக் குளிசைகளை அந்தக் கப்பல் ஏற்றிப் போயிருந்தது. அந்தக் குளிசையின் மிச்சங்கள் மூடிய அறைக்குள் கிடந்தால் காற்றிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். மணமும் இராது, புகையும் இராது. சரக்கறையைக் கூட்டிச் சுத்தம் செய்வதற்காக அதன் படிக்கட்டில் இறங்கிய அர்னெல் என்ற இளம் மாலுமி அங்கேயே விழுந்து இறந்துபோனான். அவனுக்குப் பக்கத்தில் மயங்கிக் கிடந்த ரொமெல் என்பவனை உயிரோடு தூக்கி எடுத்தார்கள். ரொமெல் மாலுமிகளுக்கு மேற்பார்வையாளன். காற்றை அளந்து பார்க்காமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது சட்டம்.

விசாரணைக்கு வந்த அரசாங்க அதிகாரி மடாம் நதாலி. கப்பல்காரர் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனாலும் பிறகு சொல்லில் பிணக்கு வரக்கூடாது என்று, ஒவ்வொருவரும் அவரவர் தாய்மொழியிலேயே பேசட்டும் என்றாள் அவள். ஜெனாட் சத்தியம் செய்து கொடுத்தாள்: கேட்டதைக் கேட்டபடி சொல்வேன், வெளியே ஒருவரிடமும் மூச்சு விடமாட்டேன்.

முதல் நாள் மருத்துவமனையில். நோயாளியைப் பார்க்கும் முன், ஒரு சின்ன அறையில் நதாலி ரொமெலின் போனைக் காட்டினாள். அர்னெல் உள்ளே இறங்குவதற்குச் சற்று முன் ரொமெலுக்கு அனுப்பிய குரல்செய்தி அதில் இருந்தது. ரொமெலின் சம்மதத்தோடுதான் எடுத்திருந்தார்கள். செத்தவனின் குரலைக் கேட்க மட்டும் அவன் மாட்டேன் என்றுவிட்டானாம்.

காற்றின் இரைச்சல். எங்கோ சங்கிலி உரசும் சத்தம். பிறகு ஓர் இளம் குரல், அவசரமில்லாமல்:

“ஓகே ந ராவ். பபபா ந கமி.”

நடக்கப்போவது தெரியாத குரல்.

“திக்குகிறானா?” என்று கேட்டாள் நதாலி. “ப, ப, ப என்கிறானே?”

“இல்லை. ‘பபா’ என்றால் கீழே இறங்குவது. முதல் எழுத்தை இரட்டித்தால் இனிமேல் செய்யப்போகிறோம் என்று அர்த்தம்.” அதை விளக்குகையில் ஜெனாட்டுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அந்தப் பெருமையோடு ஆங்கிலத்தில் சொன்னாள்: “‘இப்போது சரியாம். நாங்கள் இறங்கப்போகிறோம்.’ அவ்வளவுதான்.”

நதாலி குறித்துக்கொண்டாள்.

ரொமெல் மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். நாற்பது வயதுக்குள் இருக்கும். போர்வைக்கு மேலே கிடந்த கைகள் தாமாகவே நடுங்கிக்கொண்டிருந்தன. தன் மொழி கேட்டதும் ஜெனாட்டை ‘ஆத்தெ’ என்று கூப்பிட்டான். அக்கா என்று பொருள்.

“காலையில் கோப்பி குடித்தது ஞாபகம் இருக்கிறது, ஆத்தெ. பிறகு இந்தக் கூரைதான். நடுவில் ஒன்றுமே இல்லை.”

நதாலி மெதுவாகக் கேட்டாள்: “அர்னெல் உனக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். ‘நாங்கள் இறங்கப்போகிறோம்’ என்று. நீங்கள் இருவரும் சேர்ந்துதான் போனீர்களா?”

ஜெனாட் அதைத் தகாலொக்கில் சொன்னாள். ஆங்கிலத்து ‘நாங்கள்’, அந்தக் கேள்வியோடு சேர்ந்து வந்ததால், அவள் வாயில் ‘தயோ’ என்று விழுந்தது. “‘பபபா ந தயோ’ என்று அர்னெல் சொன்னானாம்.”

ரொமெலின் முகத்தில் இருந்த இரத்தம் வடிந்துபோனதை அவள் நேரே பார்த்தாள். அவன் அவளையும் நதாலியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் கைகளைத் தூக்கி, அவை வேறு யாருடையவோ என்பதுபோல் பார்த்தான்.

“அப்படியென்றால் நான்தான் கூட்டிக்கொண்டு போனேனா?” என்றான். “அவன் சின்னப் பெடியன். அவனுடைய அம்மாவிடம் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். நானா, ஆத்தெ?”

தாதி வந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள்.

ஜெனாட் மதியம் வீட்டுக்கு வந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது, என்னவென்று தெரியவில்லை. தாழ்வாரத்தில் தெஸ்ஸின் கதவு திறந்திருந்தது. குழந்தைகள் கைகழுவி வரிசையாக நின்றார்கள். தெஸ் ஒரு கையில் சோற்றுச் சட்டியோடு அவர்களைப் பார்த்துக் கூவினாள்:

“ககாயின் ந தயோ!” சாப்பிடப்போகிறோம், எல்லாரும் வாருங்கள்.

அந்த நேரம் அவளுடைய போன் அடித்தது. ஏதோ ஒரு குழந்தையின் தாய். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு தெஸ் சொன்னாள்:

“ககாயின் ந கமி. பிறகு எடுக்கிறேன்.” நாங்கள் சாப்பிடப்போகிறோம், அந்த நாங்களுக்குள் நீ இல்லை.

ஜெனாட் சப்பாத்துகள் கிடந்த பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கேட்பவரையும் சேர்த்த ‘நாங்கள்’ தயோ. கேட்பவரை விட்டுவிட்ட ‘நாங்கள்’ கமி. பன்னிரண்டு வருடமாக இந்த வாசலில் தினமும் கேட்ட இரண்டு சொற்கள். டெனிஷில் இரண்டுக்கும் ‘வி’ என்ற ஒன்றுதான். ஆங்கிலத்திலும் ஒன்றுதான். தமிழிலாவது காப்பாற்றியிருக்குமா என்றால், அவள் வீட்டுப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘நாங்கள்’தான். ‘நாம்’ என்பது பூசையிலும் புத்தகத்திலும் இருந்த சொல். யாரும் அதைச் சோற்றுக்குக் கூப்பிடப் பயன்படுத்தவில்லை.

அர்னெல் ரொமெலுக்குச் சொன்னது கமி. நானும் இன்னொருவரும் இறங்குகிறோம்; நீ இல்லை. அதை அவள் வாய் தயோவாக மாற்றி, நினைவில்லாமல் கிடந்த மனிதனின் தலையில் ஒரு சாவை ஏற்றிவிட்டு வந்திருக்கிறது.

“ஜெனாட், என்ன? காய்ச்சலா?” தெஸ் குனிந்து நெற்றியைத் தொட்டாள்.

“தெஸ், ஒன்று கேட்கிறேன். நான் உன்னிடம் ‘கமி’ என்று சொன்னால், எந்த விதத்திலாவது நீயும் அதில் இருக்கலாமா? அவசரத்தில், நாக்குத் தவறி?”

தெஸ் சிரித்தாள். “உனக்கே தெரியுமே. நான் இருந்தால் அது கமி இல்லை. மூன்று வயதுக் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது.”

சொல்லைத் திருத்தினால் இன்னொரு கேள்வி எழும்பும்: அப்படியானால் அர்னெலோடு இறங்கியது யார்? அந்த நேரம் மேல்தளத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் என்று நதாலி சொன்ன பெயர் ஒன்றுதான். மோன்ஸ், கப்டனுக்கு அடுத்த அதிகாரி. தான் அலுவலக அறையில் இருந்ததாகவும், கதவு திறந்து கிடப்பதைக் கண்டு அபாய மணி அடித்ததாகவும் அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஒரு தரம் ஒரு சொல்லின் தலையைத் தவறவிட்டுத் தாயைச் சாகப்போகிறவள் ஆக்கியவள், இப்போது ஒரே ஓர் அசையை நம்பி முன்பின் தெரியாத மனிதனைப் பொய்யன் ஆக்குவதா? இதுவும் பிழையாக இருந்தால்?

டனிஸ்ரன் வேலையால் வந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

“என்னப்பா, பேயைக் கண்டவள் மாதிரி இருக்கிறாய்?”

“என்னெண்டு சொல்லேலாது. சத்தியம் பண்ணியிருக்கிறன்.”

“சொல்லேலாட்டி விடு. சாப்பிட்டியோ?”

“ஒரு பிழை விட்டிட்டன்.”

“திருத்தலாம்தானே?”

“திருத்தினா இன்னொருத்தர்ர தலையில போய் விழும்.”

டனிஸ்ரன் கொஞ்ச நேரம் தன் நகத்திலிருந்த கறுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். “திருத்தாட்டி?”

“இப்ப ஆர்ர தலையில கிடக்குதோ, அங்கயே கிடக்கும்.”

“நான் பிரேக்கை ஒருக்காப் பிழையாப் பூட்டினன்,” என்றான் அவன். “பஸ் வெளிக்கிட்டிட்டுது. ஏச்சு விழும் எண்டு பயந்து பேசாம நிண்டிருந்தா என்னாகியிருக்கும்? ஓடிப்போய் மறிச்சன். ஏச்சும் விழுந்ததுதான்.”

மறுநாள் காலை கப்பலிலேயே விசாரணை. துறைமுகத்தில் காற்று ஊசியாகக் குத்தியது. கப்பலின் பக்கச் சுவர் ஒரு கட்டடம்போல் தலைக்கு மேலே எழுந்து நின்றது. அதில் சாய்த்துக் கட்டிய ஏணிப்படி ஒவ்வோர் அடிக்கும் ஆடியது. கீழே கறுத்த தண்ணீர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறிய ஜெனாட்டுக்கு மேலேயிருந்து ஒரு கை நீண்டது.

“படியைப் பார்த்து வை,” என்றது டெனிஷில் ஒரு குரல்.

அறுபதை நெருங்கும் மனிதர். வெளிர் கண்கள். அவளுடைய பதிலைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. “நீ மேற்குக் கரைக்காரி மாதிரிப் பேசுகிறாய்! எந்த ஊர்?”

ஊரைச் சொன்னாள். அவருடைய ஊர் அங்கிருந்து அரை மணிநேர ஓட்டம். அவளுடைய பையைத் தானே வாங்கிக்கொண்டார். அந்தத் துறைமுகத்தின் மீன் மணத்தை, பாண் கடையை, மணல்மேட்டை விசாரித்தார். இவர்தான் மோன்ஸ். பொல்லாத மனிதராக இருந்திருந்தால் ஜெனாட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தளத்தின் வழியே நடந்தார்கள். ஓர் இடத்தில், சரக்கறைக்கு இறங்கும் ஓர் இரும்புக் கதவைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. ஆள் குனிந்து போகும் அளவு கதவு. அதைக் கடக்கும்போது மோன்ஸ் பேச்சை நிறுத்தவில்லை. தலையை மட்டும் ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். கதவிலிருந்து எந்த மணமும் வரவில்லை. அதுதான் ஜெனாட்டைப் பயமுறுத்தியது.

சாப்பாட்டு அறைக்கு வெளியே நதாலி நின்றிருந்தாள். “உள்ளே போகும் முன் உங்களோடு தனியாகப் பேச வேண்டும்,” என்றாள் ஜெனாட். ஒடுங்கிய நடைவழியில், இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, சொல்லி முடித்தாள். நேற்றுச் சொன்னது போதாது. பிறகு ரொமெலிடம் சொன்னது முழுப் பிழை. கமி, தயோ.

நதாலி கோபப்படவில்லை. குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, நேற்று எழுதிய வரியைத் தேடி எடுத்தாள். அது கோபத்தைவிடக் கொடுமையாக இருந்தது.

“உறுதியா?”

“சொல் உறுதி. அவனோடு யார் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டவன் அதற்குள் இல்லை. அந்தச் சொல் அவ்வளவுதான் சொல்கிறது.”

நதாலி வெளியே போய், வேறொரு தகாலொக் மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்து, செய்தியைப் போட்டுக் காட்டினாள். ஜெனாட் சுவரில் சாய்ந்து நின்று, கண்ணை மூடி, மாதாவைக் கூப்பிட்டாள். நதாலி திரும்பி வந்து, ஆம் என்று தலையை ஆட்டினாள். “உள்ளே வாருங்கள்.”

மேசைக்கு அந்தப் பக்கம் மோன்ஸ், அவருக்குப் பக்கத்தில் கப்பல் கம்பனியின் வழக்கறிஞர். மோன்ஸ் பேசத் தொடங்கினார். நிதானமான பேச்சு. ஆனால் அதில் ஆளே இருக்கவில்லை. டெனிஷில் ‘மன்’ என்று ஒரு சொல் உண்டு. நானும் இல்லை, நீயும் இல்லை, யாரோ ஒருவர். மன் கதவைத் திறக்கும். மன் காற்றை அளக்கும். மன் கொஞ்சம் பொறுக்கும். ஜெனாட் இந்த முறை எதையும் தன்பாட்டில் நிரப்பவில்லை. “அவர் ‘யாரோ ஒருவர்’ என்ற சொல்லைப் பாவிக்கிறார். யார் என்று சொல்லவில்லை,” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் மோன்ஸின் வெளிர் கண்கள் அவள்மேல் வந்து நின்றன. ஊர்க்காரி என்ற சிரிப்பு அதில் இப்போது இல்லை.

நதாலி போனை மேசையில் வைத்தாள். காற்று, சங்கிலி, இளம் குரல். பபபா ந கமி.

“இதை அவருக்கு டெனிஷில் சொல்லுங்கள்.”

டெனிஷில் சொல்ல ஒரு சொல் இல்லை. ‘வி’ என்றால் அதே பிழை. ரொமெலின் கைகள் நடுங்கியது ஜெனாட்டின் கண்ணுக்குள் வந்தது. ஒவ்வொரு மெய்யையும் அழுத்தி, டெனிஷ்காரர் யாரும் சொல்லாத தெளிவோடு சொன்னாள்:

“சரி என்று ஒருவர் சொல்கிறார். நாங்கள் இப்போது இறங்குகிறோம். நானும் இன்னொருவரும். இதைக் கேட்கிற ரொமெல், நீ இல்லை.”

வழக்கறிஞர் எதையோ சொல்லக் கையை உயர்த்தினார். மோன்ஸ் அவரைப் பார்க்கவில்லை.

“வி கிக் நெத்,” என்றார். நாங்கள் இறங்கினோம்.

“யார் யார்?” என்று நதாலி கேட்டாள், ஜெனாட் அதை டெனிஷில் கேட்டாள்.

அவர் மேசையின் விளிம்பை இரு கையாலும் பிடித்தார். பிறகுதான் அந்தச் சின்னச் சொல் வந்தது. ‘யை’. நான்.

நான்தான் கதவு வாசலில் வைத்துக் காற்றை அளந்தேன். அங்கே சரியாகக் காட்டியது. கீழே விட்டு அளக்கவில்லை. தாமதமாகிவிட்டது. சரி என்று நான்தான் அவனுக்குச் சொன்னேன். அவன் முன்னுக்கு இறங்கினான், நான் பின்னால் நாலைந்து படி. தலை சுற்றியது. கீழே பார்த்தேன், அவன் உட்கார்ந்திருந்தான், களைத்தவன் மாதிரி. நான் மேலே ஏறிவிட்டேன். ஆட்களைக் கூப்பிட ஓடினேன். ரொமெல் எதிரே வந்தான். கையைக் காட்டினேன். அவன் நிற்கவேயில்லை, நேரே இறங்கிவிட்டான்.

“அவன் இறங்கினான்,” என்று திரும்பவும் சொன்னார். “நான் ஏறினேன்.”

ஜெனாட் எல்லாவற்றையும் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘அவர்’ என்று சொல்லக் கூடாது. அது தொழிலின் விதி. அதனால் சின்னப் பெடியனை விட்டுவிட்டு மேலே ஏறியவளாக அந்த அறையில் அவளே பேசினாள்.

அன்று பின்னேரமே நதாலி அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். தான் முதல் நாள் சொன்னது தன்னுடைய பிழை என்பதை ஜெனாட் ரொமெலின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“தயோ இல்லை. கமி. அவன் உன்னை விட்டுவிட்டுத்தான் இறங்கினான். நீ போனது அவனைத் தூக்க.”

ரொமெல் அவளை நம்பவில்லை. நேற்று ஒன்று சொன்ன வாய் இன்று இன்னொன்று சொல்கிறது, எப்படி நம்புவான்? கடைசியில், கேட்கமாட்டேன் என்றிருந்த குரலைத் தானே கேட்கிறேன் என்றான். போனைக் காதோடு ஒட்டிப் பிடித்தான். ஒரு தரம். திரும்பவும் ஒரு தரம். பிறகு போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு அழுதான். ஜெனாட் கதிரையில் இருந்தபடியே இருந்தாள்.

மோன்ஸ் வேலையை இழந்தார். விசாரணை இன்னும் நடக்கிறது. தன் வாயாலேயே உண்மையைச் சொன்னார் என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. மாரென் வேறொரு அதிகாரியோடு, உறைபனிக்கு முன் ஆற்றை விட்டுப் போனது. ரொமெல் ஊருக்குப் போய்விட்டான். கைநடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். திரும்பக் கடலுக்கு வருவானா என்பது தெரியாது.

ஜெனாட்டை முகவர் நிலையம் நிறுத்தவில்லை. பெரிய வழக்குகளில் அவளோடு இன்னொருவரும் இருந்து கேட்பார் என்று மட்டும் ஒழுங்கு செய்தார்கள். தண்டனையென்று நினைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அவளுக்கோ நிம்மதியாக இருந்தது. பயம் போய்விடவில்லை. தகாலொக் அழைப்பென்றால் அது இன்னும் கூடும். “கொஞ்சம் பொறுங்கோ, அதை இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ” என்று கேட்பதற்கு மட்டும் அவள் வெட்கப்படுவதில்லை. சில வைத்தியர்கள் அலுத்துக்கொள்வார்கள். அவள் திரும்பவும் கேட்பாள்.